கோகிலவாணியை எந்தப் பக்கம் போடுவது?

ஜூன் 3, திங்கள்

எம்.டி. அறையிலிருந்து அழைப்பு. இத்தனை வருடங்களில் நான் அந்த அறைக்குள் போனதெல்லாம் பிரிண்டரில் சிக்கிய தாளை எடுக்கத்தான். இன்று உட்காரச் சொன்னார்கள். 

மேசைக்குப் பின்னால் பெரியவர் சென்னியப்பன். ஜன்னலோரம் அவர் தம்பி, சின்னவர் விஜயமோகன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேரும் என்னையே பார்த்துப் பேசினார்கள். என் முகத்துக்கு இவ்வளவு மதிப்பு இதுவரை எங்கும் கிடைத்ததில்லை.

விஷயம் இதுதான். ஜூலை முதல் தேதியிலிருந்து கம்பெனி இரண்டு. தறியும் சாயப்பட்டறையும் பெரியவருக்கு, தையலும் ஏற்றுமதியும் சின்னவருக்கு. அதற்குள் நான் டைரக்டரியைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். யாருக்கும் தெரியக்கூடாது.

டைரக்டரி என்றதும் பெரியவர் டெலிபோன் டைரக்டரியை நினைத்துக்கொண்டு, "அதான் இப்ப யாருமே வெச்சுக்கறதில்லீங்களே" என்றார். விளக்கினேன். கம்பெனியில் யார் யார் இருக்கிறார்கள், யாருடைய பாஸ்வேர்டு எது, யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம், யார் அட்டையைக் காட்டினால் எந்தக் கதவு திறக்கும், எல்லாம் அதில்தான் இருக்கிறது. அது சரியாக இருக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. அதைப் பார்த்துக்கொள்கிறவளும் அப்படியே. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை.

மௌஸை வைத்து இரண்டு தட்டில் முடியாதா என்று சின்னவர் கேட்டார். அதற்கு எல்லாவற்றையும் படமாகக் காட்டும் ஒரு மென்பொருள் உண்டு. அதைப் புதுப்பிக்க நான் அனுப்பிய தாளை, "சர்வர் ஓடுதுல்ல, அப்புறம் படம் எதுக்குங்க" என்று திருப்பி அனுப்பியவர் அவரேதான். ஆகவே கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்துத்தான் செய்தாக வேண்டும் என்றேன். ரொம்ப முன்னேறிய முறை போலிருக்கிறது என்று தலையாட்டினார்.

சாயங்காலம் சாத்தூரிலிருந்து அண்ணன் போன் செய்தான். ஒரு கையெழுத்து வேண்டுமாம். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. வேலை அதிகம், பிறகு பேசுகிறேன் என்றேன்.

ஜூன் 4, செவ்வாய்

பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டி ஒத்திகை பார்த்தேன். டைரக்டரி ஒரு மரம் மாதிரி. இப்போது முழு மரத்துக்கும் ஒரே பார்ட்டிஷன், அதாவது ஒரே பாகம். அதன் நகல் தலைமை அலுவலகம், சாயப்பட்டறை, தையல் யூனிட் என்று மூன்று சர்வரிலும் இருக்கிறது. நான் ஒரு கிளையைக் காட்டி, இது இனி தனிப் பார்ட்டிஷன், இதன் மூலப்பிரதி இந்த சர்வரில் இருக்கும் என்று கட்டளை கொடுக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினால் மறுநாள் காலையில் மொத்தக் கம்பெனியும் கேட்டுக்கு வெளியே நிற்கும்.

ஒத்திகையில் இரண்டு முறை வெளியே நிறுத்தினேன். மூன்றாவது முறை சரியாக வந்தது.

ஜூன் 6, வியாழன்

ரகசியம் காலி. காரணம் நான்தான். இல்லை, இங்கிலீஷ்.

சர்வர் அறையில் சிக்னல் கிடைக்காததால் வராந்தாவில் நின்று சர்வீஸ்காரரிடம், "பார்ட்டிஷன் ஜூலை ஒண்ணுக்குள்ள முடியணும் சார், ரெண்டு பக்கமும் சரியாப் பிரிக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வழியாக அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ரங்கராஜன் டீயோடு போனார். பார்ட்டிஷன் என்றால் இந்த ஊரில் ஒரே அர்த்தம், பாகப்பிரிவினை. அதற்கு சர்வர் தேவையில்லை, பத்திர எழுத்தர் போதும்.

மதியச் சாப்பாட்டுக்குள் தறிக்கூடம்வரை போய்விட்டது. சாயங்காலம் ரங்கராஜன் என் அறைக்கு வந்து, வராத இருமலை இருமி, தன்னை எந்தப் பக்கம் போட்டிருக்கிறது என்று கேட்டார். எனக்கு எதுவும் தெரியாது என்றேன். எல்லாம் தெரிந்தவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள் என்று அவர் புரிந்துகொண்டார். போன தீபாவளிக்கு வாங்கிப்போன என் ஸ்டேப்ளரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 8, சனி

நேற்றும் இன்றும் பெயர்களைப் பிரித்தேன். தறி என்றால் அந்தக் கிளை, தையல் என்றால் இந்தக் கிளை. மனிதர்கள் சுலபமாகப் பிரிந்தார்கள். கடைசியில் எங்கும் சேராமல் நின்றவை இரண்டு: மீட்டிங் ஹால் புரொஜெக்டர், கோகிலவாணி மேடம்.

கோகிலவாணி இவர்களுடன் பிறந்தவர். பெரியவருக்குத் தங்கை, சின்னவருக்கு அக்கா. டிசைன் பிரிவு அவருடையது. இங்கே தயாராகும் எந்த மேசை விரிப்பும் எந்தத் திரைச்சீலையும் அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் கப்பலேறும். இவர்களுடைய அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஜெர்மனிக்காரர்களோடு பேசி ஆர்டரைக் காப்பாற்றியது அவர்தான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பெரியவர் அப்போது பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்தாராம். சின்னவர் கல்லூரியில் அரியர் எழுதிக்கொண்டிருந்தாராம்.

புரொஜெக்டர் யாருக்கு என்று கேட்டேன். இரண்டு பேரும் தனக்கு என்றார்கள். மேடத்தை எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டேன். பெரியவர் தம்பியைக் கேட்கச் சொன்னார். தம்பி அண்ணனைக் கேட்கச் சொன்னார்.

ஜூன் 10, திங்கள்

பெரியவர் தனியாகக் கூப்பிட்டார். தம்பியின் பார்ட்டிஷனில் ஒரு நகலைத் தன் சர்வரில், தம்பிக்குத் தெரியாமல், சும்மா ஒரு பாதுகாப்புக்கு வைக்க முடியுமா என்றார். முடியாது என்றேன்.

மதியம் சின்னவர் தனியாகக் கூப்பிட்டார். அண்ணனின் பார்ட்டிஷனில் ஒரு நகல். அதே சொற்கள், அதே குரல். ஒரே ரத்தம் என்பதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் என்னிடம் அனுப்பலாம். அவரிடமும் முடியாது என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அது ஒரே வரிக் கட்டளைதான். என்னால் முடியாது.

ஜூன் 12, புதன்

பதில் கிடைத்தது. பெரியவர் சொல்ல, சின்னவர் ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடத்தின் கணக்கை ஜூன் முப்பதோடு எடுத்துவிட வேண்டுமாம்.

கணக்கை எடுத்தால் மெயில் போகும், கோப்புகள் போகும், கேட்டில் அட்டையும் வேலை செய்யாது என்று சொன்னேன். சரி என்றார். மேடத்துக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"அடுத்த வியாழக்கிழமை அவ கையெழுத்துப் போட்டுருவாளுங்க. பேங்க் பேப்பர்னு சொல்லியிருக்குது. நீங்க அதையெல்லாம் யோசிக்க வேண்டாம்."

யோசிக்கவில்லை. நான் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். குடும்ப நீதிமன்றம் வேறு கட்டடத்தில் இருக்கிறது.

அண்ணன் மறுபடி போன். அப்பாவின் வீடு விஷயமாம். வீட்டுக்கு என்ன என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஒனக்கு எதுக்கும்மா டென்ஷன், ஒரு கையெழுத்துதான்" என்றான். என் டென்ஷனைப் பற்றி இவ்வளவு அக்கறை அவனுக்கு என் பிரசவத்தின்போது இல்லை. பீன்ஸ் நறுக்கும்போது விரலை நறுக்கிக்கொண்டேன். குழம்பில் உப்பு அதிகம் என்றார் என் வீட்டுக்காரர் தேவராஜ். பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் நாள் முழுக்க வெல்டிங் புகையைத் தின்றுவிட்டு வருகிற மனிதருக்கு உப்பு மட்டும் சரியாகத் தெரிகிறது.

ஜூன் 14, வெள்ளி

கம்பெனியில் ஒரு விதி இருக்கிறது. யாருடைய கணக்கை நீக்குவதானாலும் அவருக்கு முன்கூட்டியே அறிவிப்பு மெயில் அனுப்ப வேண்டும். காரணத்தையும் அதில் எழுத வேண்டும். எப்போதோ ஒரு சூப்பர்வைசர் சண்டை போட்டதால் போட்ட விதி. அதன்பிறகு யாரும் அதைச் சீண்டியதில்லை. அந்தச் சுற்றறிக்கையைத் தேடி எடுக்க எனக்குக் காலைப்பொழுது முழுக்க ஆனது.

அனுப்பினேன். "ஜூலை முதல் தேதி அமலாகும் பிரிவினையில் தங்கள் கணக்குக்கு இரண்டு பார்ட்டிஷன்களிலும் இடம் ஒதுக்கப்படவில்லை. எனவே ஜூன் முப்பது அன்று அது நீக்கப்படும். மறுப்பு இருந்தால் தெரிவிக்கவும்."

பெறுநர்: கோகிலவாணி. நகல்: எம்.டி. இருவர். விதியைப் பின்பற்றினேன், அவ்வளவுதான். அனுப்பியபின் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். ஏ.சி. குளிர் அதிகம்.

ஜூன் 15, சனி

சகோதரர்கள் இருவரும் மெயில் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். கோகிலவாணி படிப்பார் என்பதும் தெரியும்.

வந்தார். சர்வர் அறையில் ஒரே நாற்காலி. அதைக் கொடுத்தேன், உட்காரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"செல்வி, இது மெஷின் கோளாறுங்களா, இல்ல எங்கண்ணன் சொன்னதுங்களா?"

"மெஷின் கேள்விதான் கேட்டுச்சு மேடம். உங்கள எந்தப் பக்கம் போடணும்னு. பதில் சார் ரெண்டு பேரும் சொன்னது."

பிறகு உட்கார்ந்தார்.  பிரிவது உண்மைதான் என்று அவருக்குத் தெரியும். டிசைன் இரண்டு பேருக்கும் பொது, நீ எப்போதும்போல இருப்பாய் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை பேங்க் கடனுக்காக ஒரு கையெழுத்து என்றும் சொல்லியிருக்கிறார். அந்தத் தாள் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாகத்தான் இருக்கும் என்று அவரே இப்போது சொல்லிக்கொண்டார். அழவில்லை. கம்பெனிப் பெயரை என்ன நிறத்தில் எழுதுவது என்று அப்பாவோடு சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்தது தான்தான் என்றார். சம்பந்தமில்லாத பேச்சு. ஆனால் எனக்குப் புரிந்தது.

தன் பெயரைத் திரையில் காட்டச் சொன்னார். ஒரு வரி அடித்தேன். கறுப்பில் வெள்ளை எழுத்துகள் ஓடின. கம்பெனியின் எல்லா டிசைனுக்கும் இறுதி ஒப்புதல் தரும் பொறுப்பில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

"இதை மூணாப் பிரிக்க முடியுங்களா?"

"முடியும் மேடம். கூட ஒரு கமாண்ட்."

"சொல்லாதீங்க யாருகிட்டயும். நானே சொல்லிக்கறேன்" என்று எழுந்து போனார்.

ஜூன் 16, ஞாயிறு

துணி துவைத்தேன். சாத்தூர் வீட்டுப் பத்திரத்தின் நகல் பெட்டிக்கடியில் இருந்தது. எதற்கோ தேடும்போது கிடைத்தது. எதை என்று மறந்துவிட்டது.

ஜூன் 18, செவ்வாய்

எம்.டி. அறையில் கூச்சல். என்னைக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை. கோகிலவாணி ஒரு நாற்காலியில் அமைதியாக இருந்தார். யாரைக் கேட்டு மெயில் அனுப்பினாய் என்று பெரியவர் கத்தினார். சுற்றறிக்கையை நீட்டினேன்.

"இது நீங்க கையெழுத்துப் போட்டதுங்க சார்."

படித்தார். அவர் கையெழுத்துதான். சின்னவர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். அது பெரியவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"உங்களையும் எந்தப் பக்கம் போடறதுன்னு நாங்க இன்னும் முடிவு பண்ணலீங்க."

சரிங்க சார் என்று வந்துவிட்டேன். பயமில்லை என்று எழுதத்தான் ஆசை. மகளின் பள்ளிக் கட்டணம் ஜூலையில் கட்ட வேண்டும். தேவராஜிடம் இன்னும் சொல்லவில்லை. ரங்கராஜன் எதிரே வந்தார், வணக்கம் சொல்லாமல் போனார். ஸ்டேப்ளரைப் பூட்டி வைத்தேன்.

ஜூன் 20, வியாழன்

கோகிலவாணி கையெழுத்துப் போடவில்லை. கம்பெனி நிற்கிற நிலம் இன்னும் இறந்துபோன அப்பாவின் பெயரில்தான் இருக்கிறது, அதற்கு மகளும் வாரிசு. அவர் கையெழுத்தில்லாமல் ஒரு பைசா கடன் நகராது என்று பேங்க் சொல்லிவிட்டதாம். திருச்சியிலிருந்து அவருடைய வக்கீல் வந்து இந்தச் சட்டத்தை இவர்களுக்குப் பொறுமையாகப் படித்துக் காட்டினாராம். ஏற்றுமதி சீசன் தலைமேல் நிற்கிறது. கூடப் பிறந்தவர் மேல் திடீரென்று இரண்டு பேருக்கும் பாசம் பெருக்கெடுத்திருக்கிறது.

வீடு திரும்பினால் கூடத்தில் அண்ணன். சாத்தூர் காராச்சேவு ஒரு பெரிய பொட்டலம், அதன்மேல் பத்திரத் தாள். நேரிலேயே வந்துவிட்டான். படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். படிக்க என்ன இருக்கிறது, அண்ணன்மேல் நம்பிக்கை இல்லையா என்றான். நம்பிக்கை இருக்கிறது, கண்ணாடிதான் இல்லை என்றேன். காபி குடிக்காமல் கிளம்பிவிட்டான். தாளையும் எடுத்துக்கொண்டு போனான். காராச்சேவை மட்டும் விட்டுவிட்டான்.

பேனா எழுதவில்லை என்று சொல்லியிருக்கலாம். எழுதியது. நான்தான் எழுதவில்லை.

இரவுச் சாப்பாட்டில் தேவராஜிடம் இரண்டையும் சொன்னேன், வேலை போகலாம் என்பதையும் வீட்டு விஷயத்தையும். கேட்டுக்கொண்டே காராச்சேவைத் தின்றார். பிறகு, "இதுல உப்பு சரியா இருக்குது" என்றார். அவருடைய அகராதியில் அதற்கு, பார்த்துக்கொள்ளலாம் விடு என்று பொருள்.

ஜூன் 25, செவ்வாய்

மூன்று பங்கு. டிசைன், மாதிரித் தயாரிப்பு, அவை இருக்கிற கட்டடம் எல்லாம் கோகிலவாணிக்கு. இரண்டு பேரும் டிசைனை இனி அவரிடம் விலைக்குத்தான் வாங்க வேண்டும். புரொஜெக்டர் யாருக்கு என்று கேட்டேன். இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறதாம்.

ஜூன் 30, ஞாயிறு

விடுமுறை நாள், தறிச்சத்தம் இல்லை. பட்டப்பகலில் செய்துவிடலாம் என்று நான்தான் நாள் குறித்தேன். மூன்று பேரும் வந்துவிட்டார்கள். மற்ற இருவரை மட்டும் விட்டுவிட்டு வராமலிருக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. சர்வர் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, என் முதுகுக்குப் பின்னால் கல்யாண வீட்டில் முதல் பந்திக்குக் காத்திருப்பவர்கள்போல உட்கார்ந்தார்கள்.

பேக்கப் எடுத்தேன். முதல் கட்டளையை அடித்தேன். திரை ஒரு வரியில் மறுத்தது: ஒரு நகல் பதில் தரவில்லை.

சாயப்பட்டறை சர்வர். எல்லா நகல்களும் ஒன்றோடொன்று தொடர்பில் இருந்து, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் மரத்தில் ஒரு கிளையைக்கூட வெட்ட முடியும். நேற்றுவரை நன்றாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று சாயங்காலம் அவரே போய் அதன் பிளக்கைப் பிடுங்கி அறையைப் பூட்டிவிட்டாராம். தன் பக்கத்தில் இருப்பதைத் தம்பி எதுவும் செய்துவிடக்கூடாது என்று.

"போட்டாத்தானுங்க பிரிக்க முடியும் சார். மூணும் ஒருதடவை பேசிக்கணும்" என்றேன்.

சாவி அவரிடம். காரை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் காத்திருந்தோம். சின்னவரின் போன் அடித்தது. அண்ணன். எந்த ஸ்விட்ச் என்று தெரியவில்லையாம். சின்னவர் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினார். பிறகு, "அண்ணா, கீழ பாருங்க. கறுப்புப் பொட்டிக்குப் பின்னால. பச்சை லைட்டு எரியுதுங்களா?" என்றார். எரியவில்லை போலிருக்கிறது. கோகிலவாணி போனை வாங்கி, "அண்ணா, ஒயரு லூசா இருக்கும், நல்லா அழுத்துங்க. ஈரக் கையோட தொடாதீங்க" என்றார்.

பச்சை விளக்கு எரிந்தது. மூன்று பேரும் இந்த மாதத்தில் கத்தாமல் பேசியது இதுதான் என்று நினைக்கிறேன். பெரியவர் திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் ஒட்டடை. சின்னவர் தட்டிவிடவில்லை. ஆனால் இன்னொரு நாற்காலியைத் தன் பக்கத்திலிருந்து இழுத்துப் போட்டார்.

தறி. தையல். டிசைன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒவ்வொன்றும் முடிந்தது என்று திரை சொல்லும்வரை நால்வரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். பார்ப்பதற்கு எதுவும் இல்லை, ஒரு புள்ளி இமைத்துக்கொண்டிருந்தது. கடைசியாக மூன்று சர்வர்களிலும் ஒருவர் பெயர் இன்னொருவரிடம் இல்லை என்று சரிபார்த்தேன்.

முடிஞ்சுதுங்க என்றேன். யாரும் கைதட்டவில்லை. பெரியவர் எழுந்து, "அப்ப, ஆச்சுங்களா?" என்று கேட்டார். ஆச்சுங்க சார். கதவுவரை போய் நின்று, தங்கையிடம் வீட்டுக்குக் காரில் வருகிறாயா என்றார். கோகிலவாணி தன் ஸ்கூட்டர் இருக்கிறது என்றார்.

ஜூலை 1, திங்கள்

எல்லோருக்கும் அட்டை வேலை செய்தது. பாஸ்வேர்டு வேலை செய்தது. மனித இனத்தில் ஒருவர்கூட எதையும் கவனிக்கவில்லை. என் தொழிலில் இதுதான் பாராட்டு விழா.

கோகிலவாணி என்னைத் தன் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார். சம்பளம் கொஞ்சம் குறைவு, மற்ற இரண்டு பேரும் தேவைப்பட்டால் தனியாகக் கூலி கொடுத்துக் கூப்பிட வேண்டும். பதினொரு மணிக்கே பெரியவர் கூப்பிட்டார். தன் பக்கம் மட்டும் மெதுவாக ஓடுகிறதாம். கூலியைச் சொன்னேன். உடனே வேகமாகிவிட்டது.

சாயங்காலம் அண்ணன் போன். முடிவாக என்னதான் சொல்கிறாய் என்றான். நான் சண்டைக்குத் தயாராக நின்றிருந்தேன். ஆனால் வாயில் வேறு வந்தது.

"அண்ணே, நான் எதை எழுதிக்கொடுக்கணும்னு கேக்குற? ஒருதடவை வாயத் தொறந்து சொல்லு. நீ சொல்லவே இல்ல."

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"வீட்டை" என்றான். கொஞ்சம் கழித்து, "ஒன் பாதியை."

அவ்வளவுதான். அவனே சொன்ன பிறகு எனக்குக் கோபம் வரவில்லை. கண் மட்டும் எரிந்தது. நாள் முழுக்கத் திரையைப் பார்த்தது.

"ஞாயித்துக்கெழம வாரேன். உக்காந்து பேசுவோம். கையெழுத்து மட்டும் கேக்காத."

சரி என்றான். வைக்கப் போகிறான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. சாப்பிடுகிற மாதிரி வருவாயா, மதினியிடம் சொல்லவா என்று கேட்டான். எதிரிக்குச் சோறு போட்டுவிட்டுப் பேச்சுவார்த்தை நடத்துகிற வழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது.

மட்டன் என்றேன்.